சில்வர்மேன் போட்ட கட்டம்

ஒரு சேனல்ல ஷெட்யூலிங்ல நாலு வருஷம் குப்பை கொட்டிருக்கேன். எஃப்பிசின்னு ஒரு சார்ட், எந்த நாள் எந்த அரைமணி நேரத்துல என்ன ஓடணும்னு கட்டம் கட்டமா இருக்கும். வியாழக்கிழமை ரேட்டிங் வந்துச்சுன்னா அந்த சார்ட்டை நடுவுல விரிச்சு வச்சுக்கிட்டு ஒரே சண்டைதான். ஷோ ஹிட்டானா டைரக்டருக்கு மாலை, ஊத்திக்கிச்சுன்னா ஸ்லாட் சரியில்லன்னு எங்க தலையில விழும்.

இப்படி கட்டம் போட்டே டைம் பத்திரிகை அட்டைப்படத்துக்கு வந்த ஒரு மனுஷன் இருந்தாரு. ஃப்ரெட் சில்வர்மேன். அமெரிக்காவுல சிபிஎஸ், ஏபிசி, என்பிசின்னு மூணே பெரிய நெட்வொர்க் இருந்த காலத்துல மூணுலயும் ப்ரோக்ராமிங் பாத்தவரு. காலேஜ்ல மாஸ்டர்ஸ் தீசிஸே ஏபிசி என்னென்ன ஷோவை எப்படி ஓட்டுச்சுன்னு 400 பக்கத்துக்கு மேல எழுதுனாராம், பைத்தியம்னா இது பைத்தியம். 1963ல 25 வயசுல சிபிஎஸ்ல பகல்நேர நிகழ்ச்சிகளுக்கு தலைவர். ஸ்கூபி டூ நாய்க்கு அந்தப் பேரு வச்சதும் இவர்தான், சினாட்ரா பாட்டு கடைசியில வர்ற ஹம்மிங்ல இருந்து புடிச்சது.

எல்லாரும் அவருக்கு 'கட் ஃபீலிங்' (gut feeling, வயித்துக்குள்ள தோணுற உள்ளுணர்வு) ஜாஸ்தின்னு சொல்லுவாங்க, டைம் பத்திரிகையும் 1977ல அதையேதான் எழுதுச்சு. எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல. சிபிஎஸ்ல வந்த மாஷ்ங்கிற சீரிஸோட கதையைப் பாருங்க. கொரியா போர்ல ஒரு மிலிட்டரி ஆஸ்பத்திரி, காமெடி. 1972ல ஞாயித்துக்கிழமை போட்டாங்க, முதல் 30 இடத்துக்குள்ளயே வரல. அடுத்த வருஷம் அதைத் தூக்கி சனிக்கிழமை 8.30க்கு வச்சாரு. 8 மணிக்கு நாட்டுலயே நம்பர் ஒன் ஷோ ஆல் இன் தி ஃபேமிலி, 9 மணிக்கு இன்னொரு ஹிட் காமெடி, மேரி டைலர் மூர் ஷோ. ரெண்டு மரத்துக்கு நடுவுல தூளி கட்டி புள்ளையைப் போட்ட மாதிரி. அந்த சீசன்லயே மாஷ் நாலாவது இடம். அதே நடிகருங்க, அதே ஆஸ்பத்திரி. இதுல வயித்துக்குள்ள என்ன தோணுச்சுங்கிறதுக்கு என்ன வேலை, ரிமோட் இல்லாத வீட்டுல எந்திரிச்சுப் போய் சேனல் மாத்த சோம்பல்படுவான்னு தெரிஞ்சிருந்தா போதும் :)

ஆனா அவர் மேல எனக்கு ஒரு கோவமும் உண்டு. 1971ல சிபிஎஸ் கிராமத்துக் கதைங்களை மொத்தமா வெட்டுச்சு. மேபெரி ஆர்எஃப்டி அந்த சீசன்ல 15வது இடம், அதையும் தூக்கிட்டாங்க. மரம் தெரியுற ஷோவையெல்லாம் சிபிஎஸ் நிப்பாட்டிருச்சுன்னு ஒரு நடிகரே கிண்டலடிச்சாரு. வயசானவங்களும் கிராமத்து ஜனங்களும் பாத்தா விளம்பரக்காரனுக்கு லாபமில்லயாம், சிட்டியில இருக்கிற இளவட்டம்தான் வேணுமாம். பாஸ் ராபர்ட் வுட்டோட முடிவுதான் அது, ஆனா கத்தி இவர் கையிலயும் இருந்துச்சு.

1975ல ஏபிசிக்குத் தாவி அதை நம்பர் ஒன் ஆக்குனாரு. 1977 ஜனவரில ரூட்ஸ்னு, அடிமையா புடிச்சுட்டு வந்த ஒரு கறுப்பினக் குடும்பத்தோட கதையைச் சொல்ற சீரிஸை தொடர்ந்து எட்டு ராத்திரி போட்டது பெரிய துணிச்சல்னு சொல்றாங்க, ஓடலன்னா ஒரே வாரத்தோட ஒழியட்டும்னு பயந்து போட்டதுன்னும் ஒரு பேச்சு உண்டு. கட்டம் போட்ட அனுபவத்துல சொல்றேன், ரெண்டாவதுதான் உண்மையா இருக்கும்.

1978ல என்பிசிக்கே தலைவரா போனாரு, அங்கதான் சறுக்குச்சு. அணுசக்தியில ஓடுற ரயில், உள்ள நீச்சல் குளம்னு சூப்பர்ட்ரெயின்ன்னு ஒண்ணு, காசைக் கரியாக்கி மூணே மாசத்துல முடிஞ்சுது. அது போதாதுன்னு 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸை அமெரிக்கா புறக்கணிச்சிருச்சு, அதோட ஒளிபரப்பு உரிமையை வாங்கி வச்சிருந்தது என்பிசி. 1981ல ஆளை அனுப்பிட்டாங்க. அவர் ஆரம்பிச்ச ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்ங்கிற போலீஸ் சீரிஸ், விடாம சம்பளம் கொடுத்து புடிச்சு வச்சிருந்த டாக் ஷோ லெட்டர்மேன், 31 வயசுல என்பிசி ப்ரோக்ராமிங் நாற்காலியில உக்காத்தி வச்ச பிராண்டன் டார்டிகாஃப், எல்லாம் அவர் போனப்புறம்தான் பலன் கொடுத்துச்சு. கட்டம் போட்டவன் பேரு வராதுன்னு சொன்னேன்ல.

அப்புறம் மனுஷன் ப்ரொட்யூசர் ஆயிட்டாரு. 1986ல மேட்லாக்னு ஒரு வக்கீல் சீரிஸை, தன்னை வெளிய அனுப்புன அதே என்பிசிக்கே வித்தாரு. நரைச்ச முடி வக்கீலா வந்தது யாருன்னா ஆண்டி கிரிஃபித், 71ல வெட்டுன மேபெரியோட ஒரிஜினல் ஹீரோ. விழுந்து விழுந்து பாத்ததும் அன்னைக்கு வேண்டாம்னு ஒதுக்குன அதே தாத்தா பாட்டிங்கதான்.