எலியைக் கண்டு அலறுபவரைக் கேலி செய்யாதீர்கள்

வீட்டுக்குள் ஒரு சுண்டெலி வந்தால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கம். அக்கா நாற்காலி மேல் ஏறிவிடுவாள். அப்பா தலையைக்கூடத் திருப்பாமல் "சின்ன எலிதானே, தானா போயிடும்" என்பார். அம்மா ஒன்றும் பேசாமல் டப்பாக்களை இறக்கித் துடைக்க ஆரம்பிப்பார். என் மகளோ "அதைக் கொல்லாதீங்க" என்று அழுவாள்.

எல்லோரும் சிரிப்பது அக்காவைப் பார்த்துத்தான். எனக்கு அது பிடிப்பதில்லை. காலடியில் ஏதோ ஒன்று விருட்டென்று ஓடினால் உடம்பு தானாகத் துள்ளும். அதை விளக்கம் சொல்லி அடக்க முடியாது. அதுவும் போக, எலி வந்திருப்பதை முதலில் கண்டுபிடிப்பதே அவள்தான். ராத்திரி பரணில் கேட்கும் கறகற சத்தமும், அலமாரி மூலையில் கிடக்கும் புழுக்கையும் அவளுக்குத் தப்பாது.

என் கோபமெல்லாம் அந்தத் "தானா போயிடும்" மேல்தான். போகாது. சாப்பாடும் ஒளிய இடமும் கிடைத்த வீட்டை விட்டு அது ஏன் போக வேண்டும்? சுண்டெலி சுமார் 3 வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றில் 5, 6 குட்டிகள் சாதாரணம். பிறந்த குட்டிகளும் 6 முதல் 8 வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். அப்பாவின் நிதானத்தைத் தைரியம் என்கிறோம், ஆனால் அந்த நிதானத்துக்கான வேலை முழுவதையும் செய்வது அம்மா.

அந்த வேலையிலும் ஆபத்து உண்டு. காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் கிருமி தூசியோடு மூச்சுக்குள் போகலாம். கையுறை போட்டு, தண்ணீர் கலந்த பிளீச்சைத் தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் துடைத்து எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலைக்குப் போகவே கூடாது. சுண்டெலியிடமிருந்து தொற்றும் ஒரு வைரஸ் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடியது.

கொல்லும் முறை விஷயத்தில் நான் மகள் கட்சி. பசை அட்டையில் ஒட்டிய எலி உடனே சாகாது, மணிக்கணக்கில் துடிக்கும். இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் பொதுமக்கள் எலிக்குப் பசை அட்டை வைப்பதே குற்றம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்து மட்டும் என்ன? சாவதற்குப் பல நாள் ஆகும், கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் செத்து நாறும். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் விஷம் ஏறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நான் வைக்கவே மாட்டேன். வேறு வழியில்லை என்றால் நொடியில் கொல்லும் கம்பிப் பொறி தேவலை.

ஆனால் முதலில் ஓட்டையை அடையுங்கள். 6 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு பென்சில் நுழையும் அளவு, சுண்டெலிக்குப் போதும். கதவின் அடிப்பக்கம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடம், ஒயர் வரும் துளை எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, கம்பி நாரை இறுக்கித் திணித்து மேலே சிமெண்ட் பூச வேண்டும். தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைச் செய்ய எலிக்குப் பயப்படாத ஆள்தான் வேண்டும். இனி எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. எந்தெந்த இடம் என்று அக்கா சொல்லுவாள்.