சீனா தட்டினதுல என்னங்க தப்பு?

2025 டிசம்பரில் ஜான் சீனா தன் கடைசி டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த ஆட்டத்தில் குந்தரின் பிடியில் தட்டி, அதாவது தோல்வியை ஒத்துக்கொண்டு, ஓய்வு பெற்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து என் டைம்லைன் முழுக்க ஒரே ஒப்பாரி. குந்தர் ஜெயித்திருக்கக் கூடாதாம். ஜான் சீனா தட்டியிருக்கவே கூடாதாம். 'நெவர் கிவ் அப்' என்று காலம் பூரா சொன்ன மனுசனைக் கடைசி ஆட்டத்தில் தட்ட வைத்துக் கேவலப்படுத்திவிட்டார்களாம். வாஷிங்டன் அரங்கத்தில் யார் ஜெயிப்பது என்று முடிவு பண்ணுகிற ட்ரிபிள் ஹெச்சைப் பார்த்துக் கத்தினார்கள், அது காசு கொடுத்து உள்ளே போனவர்கள் பாடு. ஆனால் நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பசங்க, என்கூடவே உட்கார்ந்து டிவி பார்த்து வளர்ந்தவர்கள், என் பதிவுக்குக் கீழே வந்து "நீயெல்லாம் ஒரு ரசிகனா"ன்னு எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதினது ஒரே ஒரு வரி. 'சரியான ஆளிடம் தோற்றார், சந்தோஷம்.' அவ்வளவுதான். சரி, ஒரு வரியில் புரியவில்லை என்றால் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஆட்கள் திரும்பி வரட்டும். நிகழ்ச்சியின் முக்கிய ஆட்டமான மெயின் ஈவென்டிலேயே நிற்கட்டும். அவர்கள் மியூசிக் கேட்டால் எனக்கும்தான் புல்லரிக்கிறது. ஆனால் வருகிறவர் எதையாவது கொடுத்துவிட்டுப் போகணும். எடுத்துக்கொண்டு போகக் கூடாது. சீனா கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் அதைக் கேவலம் என்கிறீர்கள், நான் அதை மரியாதை என்கிறேன். நமக்குள் சண்டையே இது ஒன்றுதான்.

சீனாவுக்கு யார் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2002 ஜூன் மாதம் கர்ட் ஆங்கிளோடு மோதித் தோற்று உள்ளே வந்த, பேர்கூடத் தெரியாத ஒரு பையனுக்கு அண்டர்டேக்கர் கை கொடுத்தார். 2006இல் சிகாகோவில், வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் மெயின் ஈவென்ட், சீனாவின் பிடியில் தட்டினது யார்? இன்றைக்கு நீங்கள் திட்டுகிற அதே ட்ரிபிள் ஹெச். அடுத்த வருஷம் டெட்ராய்ட்டில் தட்டினது ஷான் மைக்கேல்ஸ். முதுகு போய் நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு 2002இல் திரும்பி வந்தவர், அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். ரசிகர்களில் பாதிப்பேர் சீனாவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த காலம் அது, அப்போதும் தட்டிவிட்டுத்தான் போனார். அன்றைக்கு யாரும் ஷான் மைக்கேல்ஸ் கேவலப்பட்டுவிட்டார் என்று சொல்லவில்லை. சீனா பெரிய ஆளாகிவிட்டார் என்றுதான் பேசினோம். அன்று வாங்கினதைத்தான் இன்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். குந்தர் கழுத்தை இறுக்கின அந்த ஸ்லீப்பர் பிடியில் அவர் சிரித்தாரே, அந்தச் சிரிப்பைப் பார்த்துமா உங்களுக்குப் புரியவில்லை?

எனக்கும் பழையவர்கள்தான் உசுரு. மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, பைசெப்ஸ் எல்லாம் மனப்பாடமாகச் சொன்ன கூட்டம்தானே நாம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று ரீசஸில் சத்தியம் பண்ணிச் சொன்ன ஆள் இப்போது பெருந்துறையில் எல்ஐசி ஏஜென்ட், அவரும்தான் நேற்று என்னைத் திட்டியிருக்கிறார். அம்மிச்சி பக்கத்தில் உட்கார்ந்து "கண்ணு, அந்த நெட்டையன் சாவ மாட்டானா"ன்னு கேட்டுக்கொண்டே பார்த்த ஆட்டங்கள் அவை. 2014இல் நியூ ஆர்லியன்ஸில் அண்டர்டேக்கருடைய 21 ஆட்ட ரெஸில்மேனியா வெற்றி வரிசை உடைந்தபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. தோற்றதற்காகக்கூட இல்லை. அந்த வெற்றி ஏற்கெனவே எல்லாவற்றையும் ஜெயித்து முடித்த, எப்போதாவது வந்து போகிற புரோக் லெஸ்னருக்குப் போனதற்காக. அதை ஒரு புது ஆளுக்குக் கொடுத்திருந்தால் பத்து வருஷம் அவன் பேரைச் சொல்லிக்கொண்டு இருந்திருப்போம்.

"எல்லாமே முன்னாடியே முடிவு பண்ணினதுதானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" இந்தக் கேள்வியை இனிமேல் யாரும் கேட்காதீர்கள். முன்னாடியே முடிவு பண்ணுகிறார்கள் என்பதால்தான் எனக்குக் கோபமே. உடம்பு முடியாமல் தோற்றால் யாரையும் குறை சொல்ல முடியாது. இங்கே ஒருவர் உட்கார்ந்து 'இவன் ஜெயிக்கட்டும், அவன் தோற்கட்டும்' என்று எழுதுகிறார். அப்படி எழுதும்போது தினமும் உழைக்கிறவனை விட்டுவிட்டு வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவருக்கு எழுதினால் அது அநியாயம் இல்லையா?

"குந்தருக்கே 38 வயசு, அவன் என்ன சின்னப் பையனா?" இல்லைதான். 666 நாள் இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை, அதாவது சாம்பியன் பட்டத்தை, தாங்கின ஆளுக்கு இது கிடைக்க வேண்டியது. அதோடு விடுங்கள்.

"பழைய சாம்பியன் ஸ்டிங் 64 வயசில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டுத்தானே போனார்?" போனார். பக்கத்தில் யார் இருந்தது? டார்பி ஆலின். ஒரு இளசைத் தோளோடு சேர்த்துக்கொண்டு ஜெயித்தது வேறு, இளசை மிதித்து ஜெயித்தது வேறு.

"ஏப்ரலில் இதே சீனா சாம்பியன் கோடி ரோட்ஸிடம் பறித்து 17ஆவது உலகப் பட்டம் வாங்கினாரே?" எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமில் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

கூட்டம் வருகிறது, டிக்கெட் விற்கிறது என்பது மட்டும் நியாயமான பேச்சு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் எனக்கு ஒரு கதை இருக்கிறது. எங்கள் ஊரில், கோபி பக்கம், பொங்கல் கபடி நடக்கும். என் சித்தப்பா பையன் ஒரு வருஷம் ஒவ்வொரு ஆட்டமும் ரைடு போய், முட்டி பெயர்ந்து, டீமை ஃபைனலுக்குக் கொண்டுவந்தான். ஃபைனல் அன்றைக்குத் திருப்பூரிலிருந்து ஒரு அண்ணன் காரில் வந்து இறங்கினார். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரமே பேசிய ரைடர், பனியன் கம்பெனி வைத்து நன்றாக வந்தவர், எங்களுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். "தம்பி, இன்னைக்கு நான் எறங்கறேன், நீ உக்காரு." தம்பி உட்கார்ந்தான். அந்த அண்ணன் பேருக்காகக் கூட்டம் அள்ளியது, உண்மை. ஜெயிக்கவும் செய்தோம். கோப்பையோடு போட்டோ, மாலை, மைக்கில் பேச்சு எல்லாம் அவருக்கு. தம்பி மூலையில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த வருஷம் கூப்பிட்டோம், "நீங்க ஆடுங்கண்ணா"ன்னு சொன்னவன் அதற்கப்புறம் கோட்டுக்குள் கால் வைக்கவே இல்லை. இப்போது பல்லடத்தில் தறி ஓட்டுகிறான். அந்த அண்ணன் நல்ல மனுசன்தான், எனக்கு அவர்மேல் பகை கிடையாது. ஆனால் அந்த வருஷத்தோடு எங்கள் டீமுக்கு ரைடர் இல்லாமல் போனது, அதை யாரும் மைக்கில் சொல்லவில்லை.

இதைத்தான் 2020 பிப்ரவரியில் ரியாத்தில் பார்த்தேன். பிரே வயட். தி ஃபீண்ட் என்று ஒரு உருவத்தை அவரே யோசித்து, அந்த முகமூடி, அந்த லாந்தர் எல்லாம் சேர்த்து, பார்க்கிறவன் நடுங்குகிற மாதிரி கொண்டுவந்தார். 53 வயது பழைய சாம்பியன் கோல்ட்பெர்க் வந்தார், மூணே நிமிஷம், பெல்ட் போனது. அதற்கு முந்தின வருஷம்தான் ஜெட்டாவில் அண்டர்டேக்கரோடு மோதி, தலையை இடித்துக்கொண்டு, தன் முத்திரை அடியான ஜாக்ஹாமர் போட முடியாமல் தடுமாறினார் அந்த மனுசன். அவர்மேல் தப்பு இல்லை, கூப்பிட்டார்கள், வந்தார். பெல்ட்டையும் அடுத்த ரெஸில்மேனியாவிலேயே பிரான் ஸ்ட்ரோமேனிடம் விட்டுவிட்டுப் போனார். யாருக்கு என்ன மிஞ்சியது? ஃபீண்டுக்கு அதற்கப்புறம் அந்தப் பயம் திரும்பி வரவே இல்லை. மறு வருஷம் கம்பெனியிலிருந்தே அனுப்பினார்கள். 2022இல் கூப்பிட்டார்கள், வந்தார். 2023 ஆகஸ்டில் 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி அவருக்கு எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்றைக்கு அந்த மூணு நிமிஷத்துக்குக் கைதட்டினவர்கள் நம்ம குரூப்பிலேயே இருக்கிறீர்கள், "லெஜண்டுடா"ன்னு ஸ்டேட்டஸ் வைத்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. 434 நாள் பெல்ட் வைத்திருந்த சிஎம் பங்கிடமிருந்து 2013இல், சினிமாவுக்குப் போன பழைய சாம்பியன் ராக் வாங்கிக்கொண்டபோதும் இதே கைதட்டல்தான். அப்போதெல்லாம் யாருக்கும் வராத கோபம், ஒரு மூத்தவர் ஒழுங்காக விட்டுக்கொடுத்தபோது வருகிறது. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

அதே கோல்ட்பெர்க்கே 2025 ஜூலையில் அட்லாண்டாவில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால், இதே குந்தரிடம் தோற்றுவிட்டுத்தான் போனார். அன்றைக்கு அவர்மேல் எனக்கிருந்த வருத்தம் பாதி குறைந்தது.

சீனாவின் கடைசி நிகழ்ச்சியில் இன்னொன்றும் நடந்தது, அழுகிற அவசரத்தில் நீங்கள் யாரும் பேசவில்லை. புதுமுகங்களை வளர்க்கிற என்எக்ஸ்டி பிரிவுப் பசங்களைப் பெரிய ஆட்களோடு நிற்க வைத்தார்கள். கோடி ரோட்ஸுக்கு எதிரில் ஓபா ஃபெமி நின்றாரே, அந்த உடம்பையும் நிற்கிற தோரணையையும் பார்த்தீர்களா இல்லையா? லெஸ்னருக்கும் 2025இல் 48 ஆகிவிட்டது. அந்தச் செப்டம்பரில் வந்து சீனாவைத் தன் முத்திரை அடியான எஃப்-ஃபைவ் மேல் எஃப்-ஃபைவ் போட்டுச் சாய்த்துவிட்டுப் போனார், அதில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த ரெஸில்மேனியாவுக்கு அவர் வரட்டும், மெயின் ஈவென்டிலேயே நிற்கட்டும், நானும் அதிகாலையில் எழுந்து பார்க்கிறேன். ஆனால் அந்த ஓபா ஃபெமியிடம் தோற்க வேண்டும், நடு ரிங்கில், சுத்தமாக, எந்தச் சாக்கும் இல்லாமல். அன்றைக்கும் ஒப்பாரி வைக்கிறவர்கள் என் பதிவுக்குக் கீழே வராதீர்கள், இப்போதே சொல்லிவிட்டேன்.