கேஸ் சிலிண்டருக்குச் சாய்தளம் உண்டு

அக்கா மகளுக்குக் கோவையில் இடம் தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. பி.காம். சேர்ந்திருக்கிறாள். காலில் கேலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்), இரண்டு கையிலும் ஊன்றுகோல். சமதளத்தில் நன்றாக நடப்பாள். படி ஏற முடியாது, குத்தவைத்து உட்கார முடியாது. காங்கயத்திலிருந்து பஸ்ஸில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும். தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை.

சீட் கிடைத்ததில் குறையில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்பது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டினோம், சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பும் கீழ்த்தளத்தில்தான். சிக்கல் எல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்.

ஹாஸ்டலில் மாணவிகள் அறைகள் மாடியில். தரைத்தளத்தில் மெஸ், ஸ்டோர், வார்டன் அறை. வாசலில் மூன்று படி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் மெஸ்ஸுக்கு கேஸ் சிலிண்டர் உருட்டிப் போக அருமையான சாய்தளம். "புள்ள இது வழியா வந்துக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "அது சமையல்கட்டுங்க, ஸ்டூடண்ட்ஸ் வரக்கூடாதுங்க" என்றார் அங்கிருந்த அம்மா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிலிண்டர் படியேறாது என்று கட்டும்போதே யோசித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்கிற கணக்கில் பதினெட்டு அடிச் சரிவு போதும். முன்வாசலில் அதைவிட அதிக இடத்தில் குரோட்டன்ஸ் வைத்திருக்கிறார்கள்.

சரி, வெளியே பார்ப்போம் என்று கிளம்பினோம். கீழ்வீடு இருக்கிற இடத்தில் கக்கூஸ் இந்தியன் மாடல். வெஸ்டர்ன் இருக்கிற இடத்தில் வீடு மாடி. இரண்டும் ஒத்துவந்த ஒரே வீட்டில், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "டைல்ஸ் போயிருமுங்க. அப்புறம் புள்ள வழுக்கிக் கிழுக்கி விழுந்துட்டா எங்களுக்குத்தானுங்க பேரு." கம்பி கேட்பதே வழுக்கி விழாமல் இருக்கத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். பலனில்லை.

இப்போது பணக் கணக்கு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இளங்கலை மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மாதத்துக்கு 1,000. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் இன்னொரு 1,000. (பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்ததே நம்ம கோவையில்தான்.) இரண்டும் நல்ல திட்டங்கள், எங்களுக்கு அந்தப் பணம் பெரிசு. ஆனால் நாங்கள் பார்த்த கீழ்வீட்டுக்கு வாடகை 8,500, அட்வான்ஸ் 50,000.

அதைவிடப் பெரிய செலவு எந்த விண்ணப்பத்திலும் எழுத இடமில்லாதது. அவளைத் தனியாக விட முடியாது, அக்காவும் கூடவே போயாக வேண்டும். அக்கா தேங்காய்க் களத்தில் பருப்பு எடுக்கிற வேலைக்குப் போகிறவள், நாளைக்கு 500 ரூபாய் கூலி. அது நிற்கும். அரசு விதி ஒரு மாணவியைத்தான் பார்க்கிறது. இங்கே ஊரை விட்டுக் கிளம்புவது இரண்டு பேர். ஹாஸ்டலில் படி ஏறாமல் போக ஓர் அறை இருந்திருந்தால், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளைகளின் ஒத்தாசை போதும், அக்காவுக்குக் களத்து வேலையும் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும். என் கணக்குப்படி அந்தப் புதுமைப் பெண் 1,000 இவளுக்கு 1,250 ஆக வேண்டும். அது கல்விக்கான பணம், இதில் வராது என்று யாராவது வாதாடலாம். வாதாடட்டும்.

ஆனால் எனக்கு 250 ரூபாயைவிட அறைதான் முக்கியம். அரசுப் பணம் வாங்கும் கல்லூரி, சேர்க்கைப் படிவத்திலேயே "தரைத்தள அறை வேண்டுமா?" என்று ஒரு கட்டம் போடட்டும். ஆம் என்றால் ஸ்டோர் மாடிக்குப் போகட்டும், அரிசி மூட்டையைத் தூக்க ஆள் இருக்கிறது. அறை கொடுக்க வழியே இல்லாத கல்லூரி என்றால், வெளியே எடுக்கும் வீட்டு வாடகையை உதவித்தொகையோடு சேர்த்து மாதாமாதம் கொடுக்கட்டும். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு ராத்திரி எங்கே தங்குவாள் என்று கேட்காமல் இருப்பதை இட ஒதுக்கீடு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போதைக்குச் சூலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்வருகிறாள். அவர்களும் எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள்? பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் கீழ்வீடு இருந்தால் சொல்லுங்க. லைன் வீடானாலும் சரி. வெஸ்டர்ன் கக்கூஸ் இல்லாவிட்டால் நாங்களே வைத்துக்கொள்கிறோம். கம்பி மட்டும் அடிக்க விடச் சொல்லுங்க, காலி செய்யும்போது புது டைல்ஸ் ஒட்டிக்கொடுத்துவிடுகிறோம்.