ஓநாயைத் திட்டுவது சுலபம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது அந்த வீடியோவில் என்னை டேக் செய்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாயை விட்டார்கள், ஓநாய் மானைத் துரத்தியது, மரம் வளர்ந்தது, ஆறே பாதையை மாற்றிக்கொண்டது, இயற்கையின் அதிசயம் பாரீர். நான் பக்கத்து ஐடஹோ மாநிலத்தில் இருப்பதால் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட வேண்டும் போல. இத்தனை நாள் ஒரு லைக் போட்டுவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை ஒரு கராஜில் நாலு வேட்டைக்காரர்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் இது. நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

முதலில் எல்க். முதுமலைப் பக்கம் கடமான் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வையுங்கள். நல்ல ஆண் முன்னூறு கிலோவைத் தாண்டும். செப்டம்பரில் இணையைக் கூப்பிட அது போடும் சத்தம் இருக்கிறதே, நாதஸ்வரத்தை முதல் தடவை வாயில் வைத்த பையன் ஊதியது மாதிரி அடித்தொண்டையில் ஆரம்பித்து, கீச்சென்று ஏறி, இருமலில் முடியும். இங்கே டேக் என்றால் ஃபேஸ்புக் சமாச்சாரம் இல்லை. ஒரு மிருகத்தைச் சுடுவதற்கான சீட்டு. ஒரு எல்க் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு அந்த வருஷம் கடையில் கறி வாங்கும் வேலையே இருக்காது. வேட்டை என்றதும் நமக்கு ஜமீன்தார் போட்டோ ஞாபகம் வருகிறது. இங்கே லாரி ஓட்டுகிறவர், பள்ளி வாத்தியார் எல்லாம் போகிறார்கள்.

கராஜின் சொந்தக்காரர் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியவர் என்றே சொல்கிறேன். அவர் வேட்டையாடுவது மாநிலத்தின் வடக்கே, கிளியர்வாட்டர் ஆற்றுப் படுகையில் லோலோ என்ற வட்டாரம். சுவரோரம் பெட்டி மாதிரி ஒரு ஃப்ரீசர். திறந்து காட்டினார். ஒரு காலத்தில் மூடி அழுந்தாத அளவுக்கு அடுக்கி வைத்திருந்ததாம். இப்போது அடியில் வெள்ளைத் தாளில் சுற்றி, மார்க்கரில் வருஷம் எழுதிய நாலைந்து பொட்டலம். அதிலும் இரண்டு மச்சான் கொடுத்தது. "இதுதான் உன் ஓநாய்" என்றார். ஏதோ நான்தான் வளர்த்துவிட்ட மாதிரி.

அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1989-ல் லோலோவில் சுமார் 16,000 எல்க் இருந்தன. 2010-ல் விமானத்திலிருந்து எண்ணியபோது 2,200-க்கும் கீழே. இடையில் 1995-லும் 1996-லும் கனடாவில் பிடித்த 35 ஓநாய்களை மத்திய அரசு ஐடஹோ காட்டில் கொண்டுவந்து விட்டது. மாநிலச் சட்டமன்றம் தன் வனவிலங்குத் துறையை இதில் கை வைக்க விடவில்லை. அதனால் ஓநாயைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் ஏற்றார்கள். அந்த 35 பெருகி, 2019 வாக்கில் மாநிலம் முழுக்க 1,500-ஐத் தாண்டிவிட்டன. அங்கே எல்க் இறங்கியது, இங்கே ஓநாய் ஏறியது, கணக்கு முடிந்தது. பெரியவரின் பிக்கப் பின்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: 'தினம் ஒரு பேக் ஊது.' சிகரெட் பாக்கெட்டும் பேக், ஓநாய்க் கூட்டமும் பேக், ஊதித் தள்ளுவது என்றால் சுடுவது. ஜோக்கை விளக்கினால் செத்துவிடும், தெரியும்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வருஷம் இடிக்கிறது. 1996-97 குளிர்காலம் இங்கே பேயாட்டம் ஆடியது. அது முடிந்து எண்ணிப் பார்த்தபோதே லோலோ எல்க் 8,000-க்கும் கீழே வந்துவிட்டது. பாதி காலி. அப்போது கனடா ஓநாய்கள் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. மாநிலமே பெரியது, அதில் 35 ஓநாய் எட்டாயிரம் எல்க்கைத் தின்றது என்றால் அதற்குச் சிலைதான் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் எல்க் குட்டிகளுக்கு ரேடியோ காலர் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிறந்த சில வாரங்களிலேயே செத்த குட்டிகளில் பெரும்பங்கு கருங்கரடி வாயிலும் மலைச்சிங்கத்தின் (பூமா) வாயிலும் போயிருக்கிறது. அதனால்தான் லோலோவில் ஒரு வேட்டைக்காரர் இரண்டு கரடி சுடலாம் என்று தளர்த்தினார்கள். கரடிக்கு எதிராக யாரும் ஸ்டிக்கர் அடிக்கவில்லை. கரடி உள்ளூர்க்காரன், ஓநாயை வாஷிங்டன் அனுப்பியது. எனக்கென்னவோ சண்டையில் பாதி இதுதான் என்று படுகிறது.

கராஜில் பெரியவரின் மருமகன் இருந்தார். மரலாரி ஓட்டுகிறவர். அதுவரை பேசாமல் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர், "சாப்பாடு இல்லாத வீட்டில் திருடன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன" என்கிற மாதிரி ஒன்று சொன்னார். அவர் சொன்னதைத்தான் நான் பிறகு தேடிப் படித்தேன்.

1910 ஆகஸ்ட் 20, 21. இரண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அதற்குப் பிறகு 1919-லும் 1934-லும் பெருந்தீ. மலையே மொட்டை. அந்தச் சாம்பலில் முளைத்தது புதர்க்காடு. சியானோத்தஸ் என்று ஒரு செடி, அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு சும்மா கிடக்கும், தீயின் சூடு பட்டால்தான் கண் திறக்கும். எல்க்குக்கு அது அமுதம். பனிக்காலத்தில் வாய்க்கு எட்டும் உயரத்தில் மலைச்சரிவு முழுக்கத் தீவனம். எல்க் பெருகியதற்கு இந்தச் சமையல்தான் காரணம். 1935-ல் வனத்துறை ஒரு விதி போட்டது: எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும். அணைத்தார்கள், நன்றாகவே அணைத்தார்கள். புதர் ஆளுயரம் தாண்டியது, நம் வீட்டு முருங்கை கை எட்டாத உயரத்துக்குப் போய்விடுமே அது மாதிரி. அதற்கு மேல் ஊசியிலை மரம் எழும்பி நிழல் விழுந்தது, கீழே புல்லும் இல்லை. அரசுக் காடுகளில் மரம் வெட்டுவதும் குறைந்ததால் வெளிச்சம் விழ அந்த வழியும் இல்லை.

அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? 1805 செப்டம்பரில் மேற்கே வழி தேடிப் போன லூயிஸும் கிளார்க்கும் தங்கள் படையோடு அந்த மலையைக் கடந்தார்கள். துப்பாக்கி இருக்கிறது, குறி தவறாத ஆட்கள் இருக்கிறார்கள், சுடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பசி தாங்காமல் தாங்கள் கூட்டிவந்த குதிரைக்குட்டியை அடித்துத் தின்றார்கள். அந்த ஓடைக்கு இன்றும் 'குட்டிக்குதிரை கொன்ற ஓடை' என்றுதான் பெயர். ஆக, பெரியவர் நியாயமான அளவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் 16,000, ஒரு பெருந்தீ போட்ட விருந்து. விருந்து முடிந்து இலை எடுத்த நேரத்தில் ஓநாய் உள்ளே வந்தது.

இதை வைத்துக்கொண்டு 'பார்த்தாயா, ஓநாய் அப்பாவி' என்று பாய்சி நகரத்துக் காபிக் கடையில் பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. தீவனம் குறைந்த காட்டில் தாய் எல்க் மெலியும், குட்டி சின்னதாகப் பிறக்கும், சில வருஷம் சினையே பிடிக்காது. மந்தை கொழுத்திருந்தபோது வேட்டை மிருகங்கள் தின்றது வட்டி, இப்போது தின்பது அசல். கரடியும் சிங்கமும் சின்னக் குட்டியைக் குறைக்க, ஓநாய் பனிக்காலத்தில் வளர்ந்த குட்டியையும் பிணைமானையும் எடுக்கிறது. மந்தை தலையெடுக்காமல் இருப்பதில் ஓநாய்க்குப் பெரிய பங்கு உண்டு. மாநிலம் ஹெலிகாப்டரில் போய் லோலோ ஓநாய்களைச் சுட்டது, அதுவும் ஒரு தடவை இல்லை. பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. திருடனைப் பிடித்தாலும் அரிசிப் பானை காலியாகத்தானே இருக்கும்.

டேக் செய்த நண்பர்களுக்காக யெல்லோஸ்டோன் பற்றியும் இரண்டு வரி. பூங்காவின் வடக்கு மந்தை 1994-ல் 19,045. 2013-ல் 3,915. ஓநாய் மட்டுமா? வறட்சி, சிங்கம், பூங்கா எல்லைக்கு வெளியே பல வருஷம் நடந்த பெண் எல்க் வேட்டை எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது ஒரு மீன் கதை. அங்கே ஏரியில் லேக் ட்ரவுட் என்ற வெளியூர் மீன் புகுந்திருப்பதை 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். அது உள்ளூர் ட்ரவுட்டைத் தின்று தீர்த்தது. உள்ளூர் மீன் முட்டையிட ஓடைக்கு ஏறி வரும், கிரிஸ்லி கரடி பிடித்துத் தின்னும். லேக் ட்ரவுட் ஆழத்திலேயே கிடக்கும், கரடிக்குக் கிடைக்காது. பசித்த கரடி எல்க் குட்டி பக்கம் திரும்பியது. இதை வீடியோவாக எடுத்தால் யார் ஷேர் பண்ணுவார்கள்?

இன்னொரு கூத்து. ஐடஹோ முழுக்க எல்க் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. தெற்கே விவசாயி தன் வைக்கோல் போரைத் தின்கிறது என்று நஷ்டஈடு கேட்கிறார். பெரியவரிடம் சொன்னேன், அங்கே போய்ச் சுடுங்களேன் என்று. முறைத்தார். லோலோவில்தான் அவர் அப்பா கூடாரம் போட்ட இடம் இருக்கிறது.

அப்பா போட்டோவை எடுத்து வந்தார். ஐம்பதுகளில் எடுத்தது. கொம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் மலை. அந்த மலையில் முழங்கால் உயரப் புதரும், எரிந்து நிற்கும் கட்டைகளும்தான். ஒரு மைல் தள்ளி எறும்பு போனாலும் தெரியும். போன வருஷம் அதே இடத்தில் எடுத்ததை மருமகன் போனில் காட்டினார். பச்சைச் சுவர். பத்தடிக்கு அப்பால் கண் போகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். யாரும் பேசவில்லை. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஓநாய் ஒளிஞ்சுக்க நல்ல இடம்" என்றார்.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் கொடுத்தார். எல்க் கறியில் கொழுப்பே கிடையாது, அவசரப்பட்டால் செருப்பு மாதிரி ஆகிவிடும். குக்கரில் ஆறு விசில் விட்டு, பிறகு மிளகு தூக்கலாகப் போட்டு நல்லெண்ணெயில் பிரட்டினேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்டோபருக்கு லோலோ டேக் வாங்கியாகிவிட்டதாம், கூட வரச் சொல்கிறார். குக்கரையும் எடுத்துக்கொண்டு.