அந்த அம்மா பிச்சை கேட்கவில்லை

பதுளைப் பக்கத்து மலையூரான எல்லவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, தன்னைப் படம் எடுத்ததற்குக் காசு கேட்டதைப் பகிடி பண்ணிப் போட்ட அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்க்காத ஆட்கள் நம்ம மட்டக்களப்பில் இப்போது குறைவு. மூன்று நாளாக எந்தக் குழுவைத் திறந்தாலும் அதுதான் வருகிறது. பெடியன்கள் நம்ம பெடியன்கள். ஒருவனுடைய தகப்பனை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் பெயர் சொல்லவில்லை. ஆனால் மேலே போட்டிருந்தார்களே, 'மலையில பிச்சை எடுக்கிற ஆச்சி' என்று, அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மா பிச்சை கேட்கவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றவரைக் கூப்பிட்டு, கூடையோடு இப்படித் திரும்புங்கோ அப்படித் திரும்புங்கோ என்று நிற்கவைத்து, ஆறேழு படம் எடுத்து முடித்த பிறகுதான் 500 ரூபா கேட்டார். அதுவரைக்கும் அவருடைய கை கூடைக்குள் போகவில்லை. கொழுந்துக்கு கிலோக் கணக்கு இருக்கிறது. நின்ற நேரத்துக்கு அவருக்கு யார் கணக்குப் போடுவது?

அதே பெடியன்கள் அன்றைக்குக் காலையில் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற ஜிப்லைனுக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள். அந்த வீடியோவும் அவர்களே போட்டதுதான். அங்கே யாரும் பேரம் பேசவில்லை, யாரையும் பிச்சைக்காரர் என்று சொல்லவில்லை. கவுண்டரில் ரிசீட் கிழித்துக் கொடுத்தால் அது கட்டணம், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய ஒரு வயசாளி கை நீட்டினால் அது பிச்சையா?

எல்ல எனக்குப் பிடித்த ஊர். சின்ன ஊர், ஒரு பிரதான வீதி, அவ்வளவுதான். எல்ல றொக்கில் ஏறலாம், லிட்டில் ஆடம்ஸ் பீக்குக்குத் தேயிலைக்குள்ளால் நடக்கலாம், தெமோதரைப் பக்கம் போனால் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும்வரை காத்து நிற்கலாம். நமக்கு அது தூரமான ஊரும் இல்லை. செங்கலடிச் சந்தியில் திரும்பினால் அதுவே பதுளை வீதி. கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிக்கொண்டே போகலாம். லுணுகலை தாண்டும்போது தேயிலை தொடங்கும், கோயில் மணியும் தமிழும் காதில் விழும். நம்ம பிள்ளைகள் அந்த இடத்தில் வாகனத்தைவிட்டு இறங்குவதே இல்லை.

2019இல் நான் குடும்பத்தோடு போனேன். தேயிலைக்குள் குறுக்கு வழியில் நடந்தபோது என் மகளின் காலில் அட்டை ஏறிவிட்டது. அவளுக்கு அப்போது ஆறு வயது, ஒரே கத்தல். நானும் மனைவியும் பிடுங்கப் பார்க்கிறோம், வழுக்குகிறது. மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இறங்கி வந்தார். இடுப்பு முடிச்சில் இருந்து தேய்ந்துபோன ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்து, எச்சில் தொட்டு, அட்டையின் மேல் தடவினார். அது சுருண்டு விழுந்தது. நான் அவருடைய விரலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுத்துப்போய், கறுப்புக்குள்ளே கோடு கோடாக வெடித்திருந்தது. கொழுந்துச் சாறு. எத்தனை தரம் கழுவினாலும் போகாது என்றார்.

எங்கேருந்து வாறீங்க என்று கேட்டார். மட்டக்களப்பு என்றேன். "எங்க சின்னப்பா குடும்பம் 77 கலவரத்துல அங்கிட்டுத்தான் போச்சு, இப்ப தொடர்பு இல்லீங்க" என்றார். பிறகு நேற்று மழை, எடை குறைந்துபோனது, அரைப்பேர்தான் போட்டார்கள் என்றார். அரைப்பேர் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தோட்டம் குறித்த கிலோ வராவிட்டால் நாள் முழுக்க நின்றவருக்கும் பாதிச் சம்பளம். 1000 ரூபா நாள் சம்பளம் கேட்டு அந்தச் சனம் எத்தனை வருஷம் வீதியில் நின்றது. 2021இல்தான் அது வந்தது. 2024இல் 1350 ஆனது. அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான்.

போகும்போது நான் காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்க மறுத்தார் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், தெரியும். இல்லை, வாங்கினார். ஏன் வாங்கக் கூடாது?

இனி உள்பெட்டியில் வந்தவற்றுக்கு வருகிறேன். "கேட்டதெல்லாம் கொடுக்கணுமா அண்ணன்?" வேண்டாம் தம்பி. படமும் எடுக்க வேண்டாம். "வெள்ளைக்காரன் காசு காட்டிப் பழக்கிவிட்டான்." சரி, அவன் காசாவது கொடுத்தான். "அங்கே சிலபேர் கொழுந்தே எடுக்கிறதில்லை, படத்துக்காகவே கூடையோடு நிற்கிறார்கள்." இருக்கலாம். இருந்தால் என்ன? நாள் முழுக்கக் குளிரில் நிற்பதும் வேலைதான். இதற்கு மேல் அதைப் பற்றி நான் வாதாட விரும்பவில்லை.

"சும்மா பகிடிக்குப் போட்டது" என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாங்கள் மட்டக்களப்புக் கடற்கரை நாவலடியில் இருந்து வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எனக்குப் பதினாலு வயது. நிவாரணம் கொண்டு வந்த ஒரு கூட்டம் என் அம்மாவின் கையில் அரிசிப் பையைக் கொடுத்துப் படம் எடுத்தது. ஃபிளாஷ் அடிக்கவில்லை. "அம்மா, இன்னொரு தரம்" என்று பையைத் திரும்ப வாங்கி, திரும்பக் கொடுத்தார்கள். தம்பியைக் கடல் கொண்டுபோய் ஒன்பது நாள். அம்மா கமராவைப் பார்த்து நின்றா. இரண்டாம் தரம் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

அந்த ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. அரிசியும் நல்ல அரிசி. ஆனால் அந்தப் படம் எங்கே போனது, யார் பார்த்தார்கள், கீழே என்ன எழுதினார்கள் என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மாவுக்கு அதற்குப் பிறகு படம் எடுக்கப் பிடிக்காது. என் கலியாண ஆல்பத்தில்கூட இரண்டே இரண்டு படத்தில்தான் இருக்கிறா. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நாவலடியிலும் கல்லடியிலும் நம்ம மட்டக்களப்புத் திருச்செந்தூரிலும் பிறந்த நாம் அதை மறக்கக் கூடாதவர்கள். கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது கொழும்பில் இருந்து வந்தவன் கேட்காமல் படம் எடுத்தால் நமக்குக் கோபம் வருகிறதுதானே? பதுளை வீதியில் 4 மணித்தியாலம் ஏறினவுடன் அந்தக் கோபம் எங்கே போனது?

நேற்று அம்மா என் ஃபோனில் அந்த வீடியோவைப் பார்த்தா. நான் காட்டவில்லை, மகள் காட்டிவிட்டாள். இரண்டு தரம் பார்த்தா. பிறகு கேட்டா: "இந்த மனிசிக்கு இதைப் போட்டது தெரியுமா மனே?"

தெரியாது அம்மா என்றேன்.

வீடியோ போட்ட தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த வீடியோவை எடு. இன்றைக்கு இரவுக்குள் எடு. அடுத்த தரம் எல்லவுக்குப் போகும்போது சொல்லு, நானும் வாறேன். அந்த அம்மாவின் 500 ரூபா இன்னும் கொடுபடவில்லை.