மீன் பையை முட்ட நிரப்பாதீர்கள்

வீடு மாறுகிறவர்கள் திருச்சியிலிருந்து விமானத்தில் வளர்ப்பு மீன் அனுப்ப, "பை முட்டத் தண்ணீர், வயிறு முட்டத் தீனி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும், மீதி ஆக்சிஜன். விமானம் மேலே போனதும் காற்றழுத்தம் குறைந்து பை உப்பும். கல் மாதிரி இறுக்கிக் கட்டாதீர்கள். இரட்டைப் பை போட்டு, மூலைகளை மடித்து டேப் ஒட்டுங்கள். இல்லையேல் குட்டி மீன் மூலையில் சிக்கி நசுங்கும். நம்மூர் வெயிலுக்குத் தெர்மாகோல் பெட்டி கட்டாயம்.

தீனியை 24 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். தின்றதெல்லாம் கழிவாகிப் பைக்குள் அம்மோனியாதான். சேர்ந்ததும் மூடிய பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) ஏறும், அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகும். ஆகவே தாமதிக்காமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.