ஒரே நைட்டுல வந்தவ இல்ல அவ

நேத்து ராத்திரியே எழுத உக்காந்தேன், கை நடுங்குச்சு, போனை கவுத்து வச்சிட்டுப் படுத்துட்டேன். இப்ப ஒரு தே ஓ, பால் போடாத டீ, போட்டு பக்கத்துல வச்சிட்டு எழுதுறேன். நம்ம சிங்கப்பூர் நாடகக் குழுவுல வளந்து இப்ப தமிழ்ப் படத்துல நடிச்சிருக்கிற பொண்ணுக்கு சனிக்கிழமை நடந்த பாராட்டு விழா மேடையில என்ன பேசினாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், அந்த 40 செகண்ட் வீடியோ எனக்கே ஒம்பது குரூப்லேர்ந்து வந்துருச்சு, அதனால மறுபடி முழுசா எழுதல. பேசினவர் பேர நான் போட மாட்டேன், நீங்களும் கமெண்ட்ல போடாதீங்க. அந்தப் பொண்ணு பேரும் வேணாம்.

ஆனா அந்த ஒரு வரி. "ஒரே வீடியோ, ஒரே நைட்டு, நம்ம பொண்ணு ஸ்டார் ஆயிட்டா, இதுதான் லக்கு!" ஹாலே கை தட்டுச்சு. அவ மைக்க வாங்கி "ரொம்ப மகிழ்ச்சி, எல்லாருக்கும் நன்றி"ன்னு சொல்லி சிரிச்சிட்டு எறங்கிட்டா. அந்தச் சிரிப்ப நான் பதினேழு வருஷமா பாக்குறேன். வலிச்சா அப்படித்தான் சிரிப்பா.

எந்த நைட்டுங்க அது? எனக்கு அத மட்டும் யாராவது சொல்லுங்க. அவ மேடை ஏறினப்ப ஆறு வயசு, இப்ப இருபத்தி மூணு. நடுவுல இருக்கிற எந்த நைட்ட சொல்றீங்க?

முதல் நாடகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அவளுக்குப் பொட்டு வச்சு தலை பின்னி விட்டது நான். சமூக மன்றத்துல மூணாவது மாடி ஹால். அவளுக்கு ஒரே ஒரு வசனம். கீரை விக்கிற அம்மாவோட மக, ஓடி வந்து "அம்மா, மழை வருது"ன்னு சொல்லணும், அவ்வளவுதான். அவளுக்கு ழ வரல. "மல வருது"ன்னா. வீட்டுல இங்கிலீஷ், ஸ்கூல்ல இங்கிலீஷ், தமிழ் கிளாஸ்ல ஒரு மணி நேரம், புள்ளைக்கு ழ எங்கேர்ந்து வரும்? நாடகம் சொல்லிக் குடுக்குற நம்ம மாஸ்டர் மூணு வாரம் அந்த ஒரு சொல்லையே சொல்ல வச்சார். திட்டவே இல்ல. நாக்க மடிச்சுக் காட்டுவார், அவ பாப்பா, மறுபடி மடிப்பா. டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா கண்ணாடி முன்னாடி நின்னு மழை, வாழை, கிழவி, மழை, வாழை, கிழவின்னு சொல்லிட்டே இருப்பா, கை கழுவ வந்த சீன ஆன்ட்டி ஒருத்தவங்க நின்னு வேடிக்கை பாத்தாங்க. நாடகத்தன்னிக்கு ஓடி வந்தா, நின்னா, "அம்மா, மழை வருது." மைக் கிடையாது. கடைசி வரிசைக்குப் பின்னாடி கதவுகிட்ட நின்ன எனக்குக் கேட்டுச்சு. மாஸ்டர் சைடுல நின்னு கண்ண துடைச்சிக்கிட்டார்.

2010 கணக்கெடுப்புல வீட்டுல அதிகமா தமிழ் பேசுறவங்க நம்ம நாட்டுல 3.3 சதவீதம், 2020ல 2.5. இந்த நம்பர மேடை மேடையா நின்னு சொல்லி வருத்தப்படுறோம். அதே ஊர்ல ஒரு ஆறு வயசுப் புள்ள மூணு வாரம் நின்னு ஒரு எழுத்தப் புடிச்சிருக்கு. இன்னிக்கு அந்தப் படத்துல அவ பேசுறது சொந்தக் குரல். தமிழ் சினிமாவுல எத்தனை ஹீரோயினுக்கு இன்னொருத்தவங்க டப்பிங் குடுக்குறாங்கன்னு படம் பாக்குற எல்லாருக்கும் தெரியும். இவளுக்குக் குடுக்கல, இவளே பேசினா, சென்னைக்காரங்களே கேட்டுட்டு இந்தப் பொண்ணு எந்த ஊர்னு விசாரிச்சாங்களாம். லக்குன்னு சொல்லிட்டா அந்த மூணு வாரம் எங்க போச்சு?

ஒரே வீடியோன்னு சொன்னாரே, அதப் பத்தியும் சொல்லிடுறேன். வாய்ட் டெக்ல, அதான் புளோக்குக்குக் கீழ இருக்கிற திறந்த தளத்துல, தூணுக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு நிமிஷம் பேசுவாளே, நீங்கல்லாம் ஷேர் பண்ணீங்களே, அது வீடியோவுக்காக எழுதினது இல்ல. அது ஒரு நாடகத்தோட கடைசிக் காட்சி. சர்க்கிட் பிரேக்கர்னு கொரோனா ஊரடங்கு போட்ட சமயத்துல, 2020 ஏப்ரல்லேர்ந்து ஹால் எல்லாம் பூட்டிக் கெடந்துச்சு, ஜூம்ல ஒத்திகை பாத்தோம், அவ சமையக்கட்டுல நின்னு பேசுவா, பின்னாடி அவங்கம்மா குக்கர் விசில் அடிக்கும். எட்டு மாசம் அந்தக் காட்சியத் திரும்பத் திரும்பப் பண்ணோம். அப்புறம் இடைவெளி விட்டு நாற்காலி போட்டு ஒரு வழியா மேடையேத்தினோம், முப்பது பேர் வந்தாங்க. முப்பது பேர்ல பாதி எங்க வீட்டு ஆளுங்க. அதே காட்சி, அதே வசனம், அதே மூச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு போன்ல வந்தப்ப லட்சக்கணக்குல பாத்தீங்க, உடனே ஒரே வீடியோவுல வந்துட்டான்னு சொல்றீங்க. அவ அங்கயேதான் இருந்தா. நீங்கதான் அன்னிக்கு வந்தீங்க.

இந்த வியாதி இன்னிக்கு வந்தது இல்ல. கே.பி. சுந்தராம்பாள் அம்மான்னா எல்லாரும் என்ன சொல்வாங்க? 1935ல நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் ரூபா சம்பளம் வாங்கினாங்க. அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதத்தான் சொல்வாங்க. கொடுமுடியில பொறந்த அந்தப் புள்ள ரயில்ல பாடி காசு வாங்கினதும், அங்கேர்ந்து நாடகக் கம்பெனிக்குப் போய் சின்ன வயசுலயே பையன் வேஷம் கட்டினதும், இலங்கை வரைக்கும் போய் நாடகம் போட்டதும், 1933ல கணவர் கிட்டப்பா போனப்பறம் இருபத்தஞ்சு வயசுல வெள்ளச் சேலையோட வாழ்ந்ததும், அந்த லட்சத்துக்குப் பின்னாடி போயிருச்சு. லட்சம் குடுத்தவங்க எதுக்குக் குடுத்தாங்க? ரயில் சத்தத்துக்கு மேல பாடின தொண்டைக்குத்தான் குடுத்தாங்க. மனோரமா ஆச்சிய எடுத்துக்கோங்க. பள்ளத்தூர்ல பன்னெண்டு வயசுல நாடகம். முதல் படம் மாலையிட்ட மங்கை வந்தது 1958ல. அதுக்கு முன்னாடி ஊர் ஊரா எத்தனை மேடை! தில்லானா மோகனாம்பாள்ல ஜில் ஜில் ரமாமணியா வருவாங்களே, அது நாடகக்காரி வேஷம், அந்தக் குலுக்கலும் அந்தப் பேச்சும் யாராவது ஒரு நாள்ல சொல்லிக் குடுத்து வருமா? பராசக்தி 1952ல வந்தப்ப சிவாஜி புதுமுகம். சினிமாவுக்குத்தான் புதுமுகம்! சின்னப் பையனா நாடகக் கம்பெனியில சேந்து பொம்பள வேஷம் வரைக்கும் போட்டு வளந்தவர் முகம் அது.

இப்ப நீங்க கேப்பீங்க, ஏன் ஆன்ட்டி இவ்ளோ டென்ஷன், அவர் வாழ்த்தத்தானே செஞ்சார்னு. வாழ்த்தட்டும். தெரியாம வாழ்த்துறதுல தப்பு இல்ல, விழாவுக்கு முன்னாடி அவகிட்ட அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்கு அவருக்கு நேரம் இல்ல, அவ்வளவுதான்.

மேடை வேற கேமரா வேறன்னு ஒரு தம்பி நேத்தே இன்பாக்ஸ்ல வந்துட்டார். தம்பி, ஒத்துக்குறேன். மேடையில கடைசி சீட்டுக்குப் போற குரல அப்படியே கேமரா முன்னாடி எடுத்தா கத்துற மாதிரி இருக்கும், புருவத்தத் தூக்கினா திரை முழுக்கப் புருவமாத்தான் தெரியும். கொறைக்கணும், அத அவ அங்க போய்த்தான் கத்துக்கிட்டா, ரொம்ப கஷ்டப்பட்டேன்னு அவளே சொன்னா. ஆனா கொறைக்கணும்னா முதல்ல இருக்கணும் தம்பி. எதிர்ல பேசுறவர் பேசும்போது கண்ணுல கேக்குறது, வசனத்துக்கு நடுவுல எங்க மூச்சு விடணும்ங்கிறது, வெளிச்சம் எங்க விழுதுன்னு கீழ பாக்காமலே போய் நிக்கிறது, இதெல்லாம் மேடை குடுத்தது. எங்க ஒத்திகையில தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி வச்சிருப்போம், யார் எங்க நிக்கணும்னு. ராத்திரி பத்து மணிக்கு ஹால ஒப்படைக்கணும், அதுக்குள்ள டேப்பெல்லாம் உரிக்கணும், இல்லாட்டி அடுத்த தடவ ஹால் கிடைக்காது. இவதான் உக்காந்து நகத்தால உரிப்பா. உரிச்சு உரிச்சு ஒரு உருண்டையா சுத்தி வைப்பா. ஏழு வயசுலயும் உரிச்சா, பதினஞ்சு வயசுல கதாநாயகியா நடிச்ச அன்னிக்கும் மேக்கப்போட அப்படியே குந்தி உக்காந்து உரிச்சா. தரையில தன் இடம் எதுன்னு அவ காலுக்குத் தெரியும். ஷூட்டிங்ல மார்க் வச்சா தானா போய் நிக்கிறான்னு டைரக்டர் பேட்டியில ஆச்சரியப்பட்டாரே, நான் டிவி முன்னாடி உக்காந்து அழுதேன்.

இன்னொரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. அவளோட சேந்து டேப் உரிச்ச மத்த புள்ளைங்க எங்க? அவங்களும்தானே ஒழைச்சாங்க, அவங்க வரலையே, அப்ப இது அதிர்ஷ்டம் இல்லாம என்ன?

இதுக்குத்தான் நேத்து கை நடுங்குச்சு.

ஆமா, வரல. நிறைய பேர் வரல. ஒருத்திக்கு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி முடிவுப் பரீட்சை, வந்துச்சு, அம்மா நிறுத்தினாங்க, அதோட சரி. ஒரு பையனுக்கு என்எஸ், தேசிய சேவைக்குப் போயிட்டான். ஒருத்தி பாலிடெக்னிக் முடிச்சு வேலைக்குப் போயிட்டா, வீட்டுல அப்பாவுக்கு டயாலிசிஸ். நானும் வரல. இத நான் இங்க எழுதினதே இல்ல. பதினாலு வயசுல ஸ்கூல் நாடகப் போட்டியில எனக்கு முதல் பரிசு, வெளியிலேர்ந்து வந்த ஒருத்தர் எங்க குழுவுக்கு அனுப்புங்கன்னு வீட்டுக்கே வந்து கேட்டார். எங்கப்பா அவருக்குத் தண்ணி குடுத்தார், மரியாதையா பேசினார், அனுப்பி வச்சார், அப்புறம் கதவ சாத்திட்டு என்கிட்ட சொன்னார், என் வீட்டுல நாடகக்காரி கிடையாதுன்னு. நான் அழுததுக்கு எங்கம்மா, நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கடின்னு சொல்லி சோறு பெசஞ்சு ஊட்டினாங்க. அப்பா இப்ப இல்ல, அவர் மேல கோவமும் இல்ல. ஆனா அதுக்கு அதிர்ஷ்டம் இல்லன்னு பேர் வைக்காதீங்க. கதவ சாத்தினது ஒரு ஆள். அந்த ஆளுக்கு ஒரு பயம் இருந்துச்சு, அந்தப் பயத்த நம்ம சனம் நூறு வருஷமா வளத்து வச்சிருந்துச்சு. அதே மாதிரி இவளுக்குக் கதவு தொறந்ததும் ஆளுங்கதான். அவங்கம்மா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு தூங்காம சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு பஸ் மாறிக் கூட்டிட்டு வந்தாங்க, ஹால் வாசல்ல பெஞ்சுல உக்காந்தே தூங்குவாங்க. பிஎஸ்எல்இ வருஷம் சொந்தக்காரங்க எல்லாம் திட்டினப்ப, அவ ரெண்டையும் பாத்துப்பான்னு சொன்னது அந்த அம்மா. பதினேழு வருஷம் ஒரு வெள்ளி காசு வாங்காம சொல்லிக் குடுத்தது மாஸ்டர். லக்கு லக்குன்னு சொல்றப்ப இவங்கள அழிக்கிறீங்க. அதத்தான் சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு மட்டுமா அழியுறா? அந்த பெஞ்சுல தூங்கின அம்மாவும் சேந்து அழியுறாங்க.

பொறாமைன்னு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. எழுதிட்டுப் போங்க. அவ தலைய பதினேழு வருஷம் பின்னி விட்டவளுக்குப் பொறாமை வராது.

விழாவுல மாஸ்டர் மூணாவது வரிசையில உக்காந்திருந்தார், எழுபத்தோரு வயசு. அவர் பேர் மேடையில வரல. அவ மட்டும் எறங்கி வந்து நேரா அவர் கால்ல விழுந்தா, அது அந்த 40 செகண்ட்ல இல்ல, அதுக்குள்ள கேமரா வேற பக்கம் போயிருச்சு. முடிஞ்சதும் அவர எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போய் விடலாம்னு கூட நடந்தேன், வழியில கோப்பிக் கடையில உக்காந்தோம். மேடையில அந்த ஆளு பேசினத பத்தி மாஸ்டர் ஏதாவது சொல்வார், நாமளும் கொட்டித் தீக்கலாம்னு பாத்தேன். ஒண்ணும் சொல்லல. கோப்பிய ஆத்திக்கிட்டே, "எனக்கு இப்பல்லாம் காது சரியா கேக்குறதில்ல. பாப்பா மகிழ்ச்சின்னு சொன்னாள்ல, ழ சரியா விழுந்துச்சா?"ன்னு கேட்டார்.

விழுந்துச்சு மாஸ்டர்னேன்.